உழைக்கும் நீரில் ஓர் உல்லாச யாத்திரை

ஐரோப்பாவில் இன்று செல்வந்தர்கள் பெரும்பொருள் கொடுத்து நாடிச் செல்லும் உல்லாசங்களுள் ஒன்று, மனிதன் நடந்து செல்லும் வேகத்துக்கு மேல் அதிகம் போகாத ஒரு படகில் ஏறிக் கால்வாய் வழியே ஒரு வாரம் பிரயாணம் செய்வதாகும். பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்திலும், அந்நாட்டின் தெற்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் ‘கனால் டு மிடி’ என்னும் பழம்பெரும் கால்வாயிலும் இத்தகைய படகுகள் மிதக்கும் விடுதிகளாக ஓடுகின்றன. விருந்தினர் சிலரே ஏறும் அந்தப் படகில் தனித்தனி அறைகள் உண்டு. கைதேர்ந்த சமையற்காரர் உண்டு. மாலையில் கரையோரக் கிராமத்தின் திராட்சைத் தோட்டத்தையோ பழைய கோட்டையையோ பார்த்துவிட்டு வந்தால் அவ்வூர்ப் பாலாடைக்கட்டியும் அவ்வூர் மதுவும் மேசையில் காத்திருக்கும். கரைப் பாதையில் சைக்கிளில் செல்பவர் படகை எளிதாக முந்திவிடுவார். அது ஒரு வாரத்தில் கடக்கும் தூரத்தை மோட்டார் வண்டி ஓரிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். அப்படியிருந்தும், அந்தத் தாமதத்தைத்தான் அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சேதுக் கரையில் இருக்கும் நமக்கு அந்த உல்லாசத்தைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். பாம்பன் பாலத்தின்மீது நாள்தோறும் வாகனங்களை நிறுத்தி, கீழே ஓடும் நீரைச் சில நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு இராமேசுவரம் கோயிலுக்கு விரையும் பல்லாயிரம் யாத்திரிகர்களை நினைக்கும்போது, அந்தக் கேள்விக்கு விடை தானே பிறக்கிறது. இவ்வளவு அரிய ஜலமார்க்கத்தின் விளிம்பு வரை வந்துவிட்டு, அதனுள் இறங்காமலே திரும்பிப் போகிறோம். இறங்க வேண்டுமானால் எப்படி இறங்குவது, யாருடைய படகில் ஏறுவது, யாருக்கு இடையூறு இல்லாமல் ஏறுவது என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

உழைப்பு விட்டுச் சென்ற பாதை

ஐரோப்பியக் கால்வாய்கள் எவையும் உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. கனால் டு மிடியை வெட்டுவதற்குப் பதினான்காம் லூயி மன்னன் 1666-ல் ஆணையிட்டான். அதைத் திட்டமிட்டு நடத்திய பியேர்-போல் ரிக்கே என்பவர் உப்புவரி வசூலித்து வந்தவர். தம் சொந்தச் செல்வத்தையும் அந்த வேலையிலே கொட்டித் தீர்த்து, கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், 1680-ல் காலமானார். மறு வருஷம் படகுகள் ஓடின. சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய்க்காக ஏறத்தாழ 12,000 பேர் உழைத்தார்கள். அவர்களுள் பெண்களும் இருந்தார்கள்.

ரிக்கே எதிர்கொண்ட பெரிய சிக்கல், உயரமான நிலத்தைக் கடக்கும் கால்வாய்க்கு உச்சியில் நீர் எங்கிருந்து வரும் என்பதே. கரியமலை என்று பெயர்கொண்ட மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரியோலில் பெரும் அணை ஒன்றைக் கட்டி, அந்த நீரை நீர்பிரி மேடான நொரூஸுக்குக் கொண்டுவந்து இரு பக்கமும் பாயவிட்டார் அவர். வைகையின் எஞ்சிய நீரைக் கண்மாய் கண்மாயாகச் சேர்த்து வைத்து, இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு இந்த வித்தையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்க, முன்னும் பின்னும் கதவு வைத்த நீர்த்தொட்டிகளை அமைத்தார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, நீரை மெல்ல வடியவிட்டு, கீழ்மட்டம் வந்ததும் முன்கதவைத் திறப்பார்கள். பெஸியே நகரத்தருகே இத்தகைய தொட்டிகள் படிக்கட்டாக அடுத்தடுத்து அமைந்து, இருபது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைப் படகுகள் ஏறி இறங்கச் செய்கின்றன.

தானியமும் திராட்சை மதுவும் நிலக்கரியும் இந்தக் கால்வாய்களில் சென்றன. கரைப் பாதையில் குதிரைகள் படகை இழுத்தன; குதிரைக்கு வழியில்லாதவர்கள் தாமே தோளில் கயிற்றைப் பூட்டி இழுத்தார்கள். படகோட்டியின் மனைவி மக்கள் படகிலேயே குடித்தனம் நடத்தினார்கள். பிரான்சின் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஃபிரேய்ஸினே 1879-ல் கால்வாய்களுக்கு ஒரே அளவை நிர்ணயித்தார். முப்பத்தெட்டரை மீட்டர் நீளப் படகு தேசமெங்கும் செல்லலாம் என்றாயிற்று. அதற்குள் ரயில் வந்துவிட்டது. பிறகு லாரிகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரக்கு அற்றுப்போன சிறு கால்வாய்களில் படகோட்டிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அவர்கள் விட்டுச்சென்ற படகுகளின் சரக்கறையைப் படுக்கையறையாக மாற்றியபோது பிறந்ததுதான் இன்றைய உல்லாசம்.

இங்கிலாந்திலும் இதே சரித்திரம் நடந்தது. தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்க வேண்டும் என்று டாம் ரோல்ட் என்பவர் தம் படகு வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி 1944-ல் வெளியிட்டார். அது மூட்டிய ஆர்வத்தால் 1946-ல் ஒரு சங்கம் பிறந்து, தொண்டர்கள் சேற்றில் இறங்கிக் கால்வாய்களை மீட்டார்கள். பிரான்சிலும் அழகு தானாக நிலைத்துவிடவில்லை. கனால் டு மிடியின் கரையெங்கும் நிழல் பரப்பி நின்ற பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் பற்றியிருப்பது 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது முதல் பல்லாயிரம் மரங்களை வெட்டி அகற்றி, வேறு இனங்களை நட்டு வருகிறார்கள். 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கால்வாய், இடைவிடாத பராமரிப்பின் பலனாகவே இன்றும் ஓடுகிறது.

இரு கடல்களின் நடுவே

இப்போது நம் கரைக்கு வருவோம். மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள அந்த நீர்ப்பரப்பின் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வடபுறத்துக் கடல் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. சேறும் கடற்புல்லும் நிறைந்து அடங்கிக் கிடப்பது. தென்புறத்துக் கடலோ பவளப் பாறைகளையும் பேரலைகளையும் உடையது. இவற்றைப் பெண்கடல் என்றும் ஆண்கடல் என்றும் கரைவாசிகள் வழங்குகிறார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் சீறும்போது வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். காற்றின் போக்கறிந்து படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றித் தொழில் செய்வது இந்தப் பகுதி மீனவர்களின் பரம்பரை விவேகம்.

இங்கே நீர்வழி யாத்திரை புதியதல்ல. சேதுவுக்குக் காவலராக நின்றதனாலேயே இராமநாதபுரத்து அரசர்கள் சேதுபதிகள் எனப்பட்டனர். காசியிலிருந்து வந்த யாத்திரிகனும் மண்டபக் கரையில் தோணி ஏறித்தான் இராமநாத சுவாமியைத் தரிசிக்க முடிந்தது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை ஆகிய துறைகளிலிருந்து மரக்காயர்களின் தோணிகள் இலங்கைக்கும் அப்பாலும் சென்றன. சிகாகோவில் முழங்கிவிட்டுக் கொழும்பு வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ஆம் தேதி கப்பலில் பாம்பனை அடைந்தபோது, அவரை எதிர்கொண்டு வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. சுவாமிகள் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுத்துச் சென்றார்கள். அந்த மன்னரும் கூடவே கைகொடுத்து இழுத்தார்.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுவே, ஷெர்ஸர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்த இரு இரும்புக் கைகளைத் தொழிலாளர்கள் நெம்புகோல் சுற்றிக் கையாலேயே தூக்கிக் கப்பல்களுக்கு வழிவிட்டார்கள். சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மறுபடியும் ரயிலில் கொழும்பை அடைந்தார். ‘போட் மெயில்’ என்ற பெயர் அந்த ஏற்பாட்டினால் வந்தது. அதே காலத்தில் ஏழை யாத்திரிகனுக்குப் பாய்மரப் படகும் இருந்தது. அப்துல் கலாம் சிறு பிள்ளையாக இருந்தபோது, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காக அவருடைய தந்தை மரப்படகு ஒன்றைக் கட்டினார் என்பதும், ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோயிற்று என்பதும் ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் அறிந்தவை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் வந்த பெரும்புயலோ தனுஷ்கோடி என்னும் ஊரையே கொண்டுபோயிற்று.

இதற்குப் பின் இங்கு எழுந்த யோசனைகள் யாவும் வேகத்தைப் பற்றியவை. 1988-ல் சாலைப் பாலம் திறந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியை மின்விசையால் செங்குத்தாக உயர்த்தும் புதிய ரயில் பாலம் திறந்தது. டெய்லர் என்னும் கடற்படைத் தளபதி 1860-ல் முன்வைத்ததும், 2005-ல் தொடங்கிப் பாதியில் நின்றதுமான சேது சமுத்திரத் திட்டமும் பெருங்கப்பல்கள் விரைந்து கடப்பதற்கானதே. சிறு படகு நிதானமாகச் செல்வதற்கு இந்த நீர் எவ்வளவு தகுந்தது என்பதை மட்டும் யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

இழந்த கால்வாயும் நிறைந்த காயலும்

தமிழகத்தில் கால்வாய்ப் பிரயாணம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களின் கூலி உழைப்பால் நீண்டு, பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்றன. பாரதிதாசன் தம் தோழர்களோடு அந்தக் கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் சென்ற அநுபவத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாகப் பாடினார். அன்று கவிஞர் சென்ற வழி இன்று நகரத்தின் கழிவைச் சுமந்து கிடக்கிறது. உழைப்பும் போயிற்று, உல்லாசமும் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கால்வாயை அதன் தொழில் ஓய்ந்த பிறகும் காத்தார்கள், நாம் காக்கவில்லை.

மற்றொரு பாடம் கேரளத்தில் இருக்கிறது. பலகைகளைக் கயிற்றால் கட்டி நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள், சாலைகள் வந்ததும் வேலையிழந்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றில் அறைகள் அமைத்து விருந்தினரை ஏற்றினார்கள். அருமையான யோசனை அது. ஆனால் ஒன்று நூறாகி, நூறு பல நூறானபோது, வேம்பநாட்டுக் காயல் அவற்றின் எண்ணெய்க் கசிவையும் கழிவையும் தாங்க முடியாமல் தவிக்கிறது. எத்தனை படகுகளை ஒரு நீர்நிலை தாங்கும் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் அனுமதிச் சீட்டு கொடுப்பதே முறை. எண்ணிக்கை பெருகிய பின் கேட்டால், அதில் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடிக்காமல் எதையும் திருத்த முடியாது.

காரங்காடு காட்டும் வழி

இந்த இரு பாடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காட்டுக்குப் போனால், நாம் தேடும் விடையின் முதல் வரி அங்கே கிடைக்கும். கோட்டக்கரை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு அடர்ந்த மீனவக் கிராமம் அது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். படகைச் செலுத்துபவர், வழி சொல்பவர், விருந்தினருக்கு நண்டும் கணவாயும் சமைத்துப் பரிமாறுபவர் என்று எல்லாருமே அந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். சேற்றிலிருந்து ஈட்டி முனைகளாக எழும்பி நிற்கும் சுவாச வேர்களின் நடுவே படகு மெல்லச் செல்லும்போது, நாரையும் கொக்கும் அஞ்சிப் பறப்பதில்லை. அலையாத்தி இருந்தால்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் என்று அந்தப் படகோட்டி சொல்வதைக் கேட்கும் நகரவாசிக்கு, நூறு பிரசுரங்கள் ஊட்டாத அறிவு அரைமணி நேரத்தில் ஏறிவிடுகிறது.

தெற்கே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டிக் குவித்ததன் விளைவாக ஏற்கெனவே நீருள் அமிழ்ந்துவிட்டன. பாம்பன் தீவிலுள்ள குந்துகாலுக்கு எதிரே கிடக்கும் குருசடைத் தீவு, உயிரியல் வல்லுநர்களின் சுவர்க்கம் என்று நூறாண்டாகப் பெயர்பெற்றது. சென்னை மாகாண மீன்வளத்துறை அங்கே ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தது. வனத்துறையின் மேற்பார்வையில் அந்தத் தீவுக்கும் படகில் சென்று வரலாம். சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் பரம்பரையாக மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து ஜீவனம் செய்த நீர் இது. பூங்கா வந்த பின் தீவுகளின் அருகே செல்ல அவர்களுக்குத் தடை வந்தது. அந்தப் பெண்களுக்குத் தடை விதித்த நீரில் விருந்தினருக்கு வரவேற்பு கொடுப்பதென்றால், அந்த வரவேற்பில் அப்பெண்களுக்கே முதல் பங்கு இருக்க வேண்டும் என்பது சாதாரண நியாயம்.

எப்படி இருக்க வேண்டும்?

நான் கனவு காணும் யாத்திரை இதுதான். தை பிறந்து வாடை தணிந்தபின், சித்திரை முடியும் வரை, இரு கடலும் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும் மாதங்களில், எட்டுப் பேருக்கு மேல் ஏறாத நாட்டுப்படகு ஒன்று காரங்காட்டில் புறப்படட்டும். கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வந்து, கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினத்தில் ஓர் இரவு தங்கட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவசரமின்றி மண்டபத்தை அடைந்து, பாம்பன் பாலத்தின் அடியில் நீரோட்டம் தணியும் வேளை பார்த்து, வழியறிந்த உள்ளூர் மீனவர் சுக்கான் பிடிக்க, வடகடலிலிருந்து தென்கடலுக்குள் நுழையட்டும். குந்துகாலில் யாத்திரை முடியட்டும். நிபந்தனைகளும் உண்டு. இரவில் படகில் தங்கக் கூடாது. கரையிலே, மீனவர் வீடுகளை ஒட்டிய எளிய அறைகளிலே தங்க வேண்டும். அப்போதுதான் படகின் கழிவு கடலில் கலவாது. கொடுக்கும் பணமும் ஊருக்குள் போகும். சர்வதேசக் கடல் எல்லை அருகே இருப்பதால் கரையைவிட்டு விலகுவதற்கும் அனுமதி இருக்கக் கூடாது.

உணவைப் பற்றிக் கவலையே இல்லை. பர்கண்டிக்காரர் தம் மதுவைப் புகழ்வதற்கு எள்ளளவும் குறையாமல், புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயையும், அதில் வைத்த நண்டு ரசத்தையும், கீழக்கரைத் தொதலையும், சாயல்குடிப் பக்கத்துப் பனைவெல்லத்தையும் நாம் புகழலாம். எல்லாவற்றிலும் மேலான சௌகரியம், கடலை அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதே. காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் போக்கையும், எந்தப் பாரில் எந்த மீன் தங்கும் என்பதையும், கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவை வலையில் கண்டால் விட்டுவிட வேண்டிய காரணத்தையும் அவர் வாயால் கேட்பதற்கு ஈடான அறிவுச் செல்வம் எந்த நட்சத்திர விடுதியிலும் கிடையாது.

இதில் உள்ள அபாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலாபம் வருகிறது என்று தெரிந்தவுடன் வெளியூர் முதலாளிகள் வருவார்கள். கரை நிலம் விலையேறும். வலை உலர்த்துகிற மணல் விடுதியின் முற்றமாகும். மீன் நாற்றம் விருந்தினருக்கு ஆகாது என்று ஏலக்கூடத்தையே அப்பால் தள்ளச் சொல்வார்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையிலே நாள் பிரித்துக்கொண்டு தொழில் செய்யும் அளவுக்கு ஏற்கெனவே நெருக்கடியான கடல் இது. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். ஆகையால் படகுகளுக்கான உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கும் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். படகுகளின் உச்ச எண்ணிக்கை, முதல் படகு ஓடுமுன்பே சட்டத்தில் எழுதப்பட வேண்டும். தடைக்காலத்தில் வேலையற்ற தொழிலாளிக்குச் சுற்றுலாப் படகில் முதல் இடம் தரப்பட வேண்டும்.

ஐரோப்பியர்களின் கால்வாயில் உழைப்பு ஓய்ந்த பிறகே உல்லாசம் குடிபுகுந்தது. குதிரைகள் போய், குடும்பங்கள் போய், காலியான இடத்தை விருந்தினர்கள் நிரப்பினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நம் கரையில் உழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. விடியுமுன் வள்ளங்கள் கிளம்புகின்றன; பாலம் திறக்கும் நாளில் குந்துகாலருகே கப்பல்கள் காத்திருக்கின்றன; பெண்கள் நீரில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அந்த வாழ்க்கையை அகற்றிவிட்டு அதன் நினைவைக் காட்சியாக விற்பது ஒரு வழி. அந்த வாழ்க்கையே நம்மை விருந்தினராக ஏற்றுக்கொள்ளும்படி பணிந்து கேட்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்துகொள்ளும் பாக்கியம் உலகத்தின் மிகச் சில கரைகளுக்கே இன்னும் எஞ்சியிருக்கிறது. இராமநாதபுரம் கரை அவற்றுள் ஒன்று. அரசாங்கம் அதற்கான சட்டத்தை எழுதட்டும். சங்கங்கள் படகைச் செப்பனிடட்டும். யாத்திரிகர்களாகிய நாமும், பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், இந்த நீரின்மீது சாவகாசமாகப் பயணம் செய்வதற்கும் அதற்குரிய விலையை இந்த மக்களின் கையிலேயே கொடுப்பதற்கும் பழகிக்கொள்வோம்.